மணமேடை வரை ஒரு கார்ட்லெஸ் போன்

வீட்டுக்குள் சிக்னல் நன்றாக இருக்கிறது, தோட்டத்துக்குப் போனால் அறுந்து போகிறது, மொட்டைமாடியில் சுத்தமாக இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் முதலில் என்ன செய்வீர்கள்? வைஃபை பொருத்தித் தரும் உங்கள் அலுவலகத்துக்கு நான் வந்திருந்த அன்று இதைத்தான் கேட்டேன். பாதிப் பேர் இன்னொரு ரௌட்டர் வைப்போம் என்றீர்கள். மீதிப் பேர் பவர் கூடுதலான ரௌட்டர் வைப்போம் என்றீர்கள். அவர் தோட்டத்தில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறார் என்று கேட்போம் என ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த தொண்ணூறுகளில் வீடுகளில் வைஃபை கிடையாது. கம்பியில்லாமல் பேச கார்ட்லெஸ் போன் ஒன்றுதான். தொலைபேசி இணைப்போடு சேர்த்து வைக்கும் தாய்ப்பெட்டி ஒன்று, கையில் எடுத்துக்கொண்டு நடந்தபடி பேச ஒரு ரிசீவர். இரண்டிலும் இழுத்து நீட்டும் ஏரியல் இருக்கும். கருவி வேறு, புகார் இதே புகார்தான்: ஹாலில் கேட்கிறது, வாசலில் கேட்கவில்லை.

கணவர் இறந்த பிறகு தி. நகரில் ஒரு தொலைபேசிக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டமில்லாத நேரங்களில், பழுதாகித் திரும்பி வந்த செட்டுகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச காலத்தில் வீடுகளுக்குப் போய்ப் பொருத்திக் கொடுப்பதும் என் வேலையாயிற்று. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து மொபெட்டில், கருவிப் பையோடு போய் இறங்கினால், "டெக்னீஷியன் எப்ப வருவார்?" என்று என்னிடமே கேட்பார்கள். "வந்துட்டார்" என்பேன்.

மயிலாப்பூரில் ஒரு மாமி இருந்தார். மாடியில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடியே பேச வேண்டும் என்று, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லி வீச்சு அதிகமான செட் ஒன்றை வரவழைத்திருந்தார். ஒரே மாதத்தில் கடைக்கு ஓடிவந்தார்.

"ஏன்டிம்மா, நான் ஆத்துல பேசிண்டிருக்கறது பின்னாத்து மாமியோட போன்ல அப்படியே கேக்கறதாமே! நேத்து கோவில்ல என்னண்டை வந்து, உங்க மாட்டுப்பொண் அப்படி என்னதான் சொல்லிட்டான்னு விசாரிக்கறா. நான் என்னத்தைச் சொல்வேன்?"

அந்தச் செட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண செட் ஒன்றைக் கொடுத்து, தாய்ப்பெட்டியை மாடிப்படி ஜன்னலுக்கு மாற்றி வைத்தேன். பூச்செடி வரை கேட்டது, பின்வீட்டுக்குக் கேட்கவில்லை. அலை எதுவரை போக வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமோ, எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவ்வளவு முக்கியம். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மாமி கதை இல்லை.

கல்யாண சீசன் ஒன்றில் சண்முகம் என்பவர் கடைக்கு வந்தார். அதே தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தவர். தென்காசிப் பக்கத்துக்காரர்.

"உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்ப தூரம் போற போன் வேணும்மா" என்றார்.

"எங்கே நின்னு பேசப் போறீங்க?"

"நான் பேசறதுக்கு இல்லம்மா. என் வீட்டுக்காரி கேக்கறதுக்கு."

எனக்குப் புரியவில்லை. ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னேன். சொன்னார். மனைவி ராஜேஸ்வரி மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மகள் கல்பனா பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்திருக்கிறது. இப்போது அந்தக் கல்பனாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். ராஜேஸ்வரிக்குக் கொடுத்திருந்த விடுமுறையை, ஆள் பற்றாக்குறை என்று கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம் அந்த அம்மாள்.

"வீட்டு வாசல்லதான் பந்தல். போன் மாடியில, பின்ரூம்ல இருக்கு. அவ பெத்து வளர்த்த பொண்ணும்மா. தாலி கட்டற சத்தத்தையாவது அவ காதால கேக்கணும்."

சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த செட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

கடையில் விற்பனை பார்த்த பையன் வீச்சு அதிகமான செட்டை எடுக்கப் போனான். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அதற்கு அரசாங்க அனுமதி வாங்க வேண்டும் என்பது ஒருபுறம். ஒரு தாய் மகளிடம் பேசப்போவதைத் தெருவே கேட்க வேண்டியதில்லை என்பது இன்னொருபுறம். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

போனதும் விஷயம் தெரிந்துவிட்டது. பின்னறையில், இரும்பு பீரோவுக்கு ஒட்டினாற்போல் போன் இருந்தது. சாதாரண செட்டைப் பொருத்தி, ரிசீவரோடு படியிறங்கிப் பார்த்தேன். பாதிப் படியிலேயே குரல் செத்துவிட்டது. பவர் குறைச்சல் இல்லை, பெட்டி இருந்த இடம்தான் தப்பு. பின்னறையிலிருந்து முன்பக்க பால்கனி வரை நீளமாக ஒயர் இழுத்து, ஒரு மர ஸ்டூல்மேல் தாய்ப்பெட்டியை வைத்து, ஏரியலை முழுசாக நீட்டிவிட்டேன். மணமேடை வரப்போகும் இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து பால்கனி பளிச்சென்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் ராஜேஸ்வரியையே பேசச் சொல்லிச் சோதித்துப் பார்த்தோம். அரைகுறையாக எழும்பியிருந்த மேடையில் நின்றபடி சண்முகம் பேசினார். மெதுவாகப் பேசினாலே கேட்கும் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் குரல் இறங்கவேயில்லை. பந்தல் போட்டவர்கள் சிரித்தார்கள். என் வேலை அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும், "காலையில நானும் வர்றேன்" என்றேன். சோதித்துப் பார்ப்பது காலித் தெருவில். பேசப்போவது கல்யாணக் கூட்டத்தில். இரண்டும் ஒரே இடம்தான் என்றாலும் ஒன்றில்லை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மறுநாள் காலையில் போனபோது தெருவின் முகமே மாறியிருந்தது. பந்தல் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மயில், முழுக்கச் சீரியல் பல்பு. தோகையை விரிப்பதும் மடக்குவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. நாதஸ்வரம் ஆரம்பித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், கல்யாணத்தையே தோளில் தூக்கிச் சுமப்பவர் போல எல்லோரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். எனக்கும் காபி கொடுக்கச் சொன்னார்.

"டெலிபோன் வேலையா பாக்கற? கெட்டிக்காரிதான். வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"அவர் இல்லீங்கம்மா. தவறிட்டார்."

"அடப்பாவமே" என்று தலையை ஆட்டிவிட்டு நகர்ந்து போனார்.

நான் மேடைப் பக்கம் போய் ரிசீவரை ஆன் செய்து காதில் வைத்தேன். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல். டயல் டோன்கூடக் கேட்கவில்லை. நேற்று அவ்வளவு சுத்தமாக இருந்த லைன்! சண்முகம் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா? வேற செட் கொண்டு வரலாமா? கடையத் திறக்கச் சொல்லலாமா?"

இந்த மாதிரி நேரத்தில் கை பரபரக்கும். எதையாவது கழற்று, எதையாவது மாற்று என்று மனசு விரட்டும். நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி சும்மா நின்றேன். சுற்றி நின்றவர்கள் பார்ப்பதைப் பார்க்காமல் இருக்க, கண்ணை மூடிக்கொண்டேன். இரைச்சல் ஒரே சீராக இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. விட்டு விட்டு வந்தது. ஒரு தாளம் இருந்தது. கண்ணைத் திறந்தேன். அதே தாளத்தில் வாசலில் மயில் தோகையை விரித்து விரித்து மடக்கியது.

பல்புகளை மாற்றி மாற்றி எரிய வைக்க அப்போதெல்லாம் மோட்டாரில் சுற்றும் உருளை ஒன்று வைப்பார்கள். அது ஒவ்வொரு முறை தொட்டு விலகும்போதும் சின்னதாக ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறிதான் என் போனில் கடுகாகப் பொரிந்துகொண்டிருந்தது. லைட் போட்ட பாபுவைத் தேடிப் பிடித்தேன்.

"தம்பி, இந்த மயிலைக் கொஞ்சம் நிறுத்தணும்."

"இன்னா மேடம் நீ, மாப்ள ஊட்டுக்காரங்க எறங்கிக்கினு கீறாங்கோ, இப்போ போயி மயில நிறுத்தச் சொல்றே? பந்தலே டல்லடிச்சிடும்."

"லைட் எரியட்டும். அந்த உருளை சுத்தறதை மட்டும் நிறுத்துங்க."

"ஆடாத மயிலுக்கு இத்தினி ஒயரு நான் எதுக்கு இழுத்தேன்?"

அவரோடு வாதம் செய்யவில்லை. ரிசீவரை அவர் காதில் வைத்தேன். பொரிகிற சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தார். "பொண்ணோட அம்மா மஸ்கட்ல இருக்காங்க. வர முடியல. இதுலதான் கல்யாணத்தைக் கேக்கப் போறாங்க" என்றேன்.

பாபு மயிலைப் பார்த்தார், ரிசீவரைப் பார்த்தார். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றபடி ஓடிப்போய் மோட்டார் பிளக்கைப் பிடுங்கினார். தோகை முழுக்க விரிந்த நிலையில் மயில் அப்படியே நின்றது. "பாரேன், இதுவும் சோக்காத்தான் கீது" என்று அவரே பாராட்டிக்கொண்டார். லைன் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

சொன்ன நேரத்துக்கு ராஜேஸ்வரியின் அழைப்பு வந்தது. பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்க்க உட்கார்ந்தார்கள். போனைப் பிடித்துக்கொண்டு சண்முகம் மேடையில் நின்றார். ஆனால் பட்டுப்புடவையில் மகளைப் பார்த்ததும் மனிதர் உடைந்துபோனார். ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்ம ஆரம்பித்தார். ஏரியல் தரையைப் பார்த்தது. லைன் அறுந்து அறுந்து வந்தது. நான் மேடையேறி ரிசீவரை வாங்கிக்கொண்டேன்.

கல்பனாவின் இடது தோளுக்குப் பின்னால், பால்கனி நேராகத் தெரிகிற இடம் ஒன்று இருந்தது. அங்கே நின்று ஏரியலை நிமிர்த்திப் பிடித்தேன்.

"இப்ப கேக்குதாக்கா?"

"கேக்குதும்மா! நீ யாரு?"

"போன் போட வந்தவ. வசந்தா. உங்க பொண்ணு பக்கத்துல நிக்கறேன்."

"புடவை என்ன கலர்?"

"அரக்கு. மாம்பழக் கலர் பார்டர்."

"நான் சொன்னதையே எடுத்திருக்காங்க" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அதன்பிறகு மந்திரத்துக்கும் மேளத்துக்கும் நடுவில் நான் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்சம் இரைச்சல் எழுந்தால் அரை அடி தள்ளி நிற்பேன், மறுபடி சுத்தமாகிவிடும். தட்டில் தாலி வந்தது. பெரியவர்கள் ஆளாளுக்குத் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டு சுற்றத் தொடங்கியது. அப்போது மாப்பிள்ளையின் அத்தை என் அருகில் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. தாலி ஏறப்போற நேரம். நீ கொஞ்சம் கீழ இறங்கி நில்லு."

அவர் கத்தவில்லை, அடக்கமாகத்தான் சொன்னார். அதனால் வலி குறைந்துவிடவில்லை. கணவர் போன பிறகு எந்தக் கல்யாணத்திலும் நான் முன்வரிசைக்குப் போனதில்லை. போகக்கூடாது என்பது எனக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். பதில் சொல்ல நாக்கு துடித்தது. கையில் இருந்த ரிசீவரைப் பார்த்தேன். நான் வாய் திறந்தால், கடல் தாண்டிக் காத்திருக்கும் தாய்க்கு மகள் கல்யாணத்திலிருந்து கேட்கும் சத்தம் ஒரு சண்டையாக இருக்கும். ரிசீவரைச் சண்முகத்திடம் கொடுத்தேன். "நேரா பிடிங்க, பால்கனியைப் பாத்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவரால் முடியவில்லை. ஏரியல் இங்கும் அங்கும் ஆடியது. "ராஜி, கேக்குதா? ராஜி!" என்று கத்தினார். குனிந்திருந்த கல்பனா நிமிர்ந்தாள்.

"அந்த அக்கா எங்கே?"

அவள் என்னைக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். "அவங்க மேல வரட்டும்ப்பா. அம்மாவுக்குக் கேக்கலைன்னா நான் கழுத்தை நீட்ட மாட்டேன்."

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, "வரட்டும் அத்தை" என்றார். "நீ சும்மா இருடா, நல்ல காரியத்துல" என்று அத்தை அவரை அடக்கினார்.

மேடை ஓரமாகவே நின்று, கையை நீட்டிச் சண்முகத்தின் ரிசீவரில் ஏரியலை மட்டும் நிமிர்த்திப் பிடித்தேன். லைன் திரும்பியது. "என்னங்க ஆச்சு? அந்தப் பொண்ணு எங்கே?" என்று ராஜேஸ்வரி கேட்டது எனக்கும் கேட்டது. சண்முகம் மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னார். "போனை அந்த அத்தைகிட்ட குடுங்க" என்றார் ராஜேஸ்வரி.

அத்தை வாங்கிக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார். நான் ஏரியலை விடாமல் பிடித்திருந்தேன். அத்தையிடமிருந்து ஒரு "ம்" வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு "ம்". அவ்வளவுதான். ராஜேஸ்வரி என்ன சொன்னார் என்பது அன்று எனக்குத் தெரியாது. பிறகு விடுமுறையில் வந்தபோது என்னைப் பார்க்கக் கடைக்கே வந்தார், அப்போதுதான் சொன்னார்:

"நாளைக்கு உங்க வீட்டு மருமகளுக்குப் பிரசவ வலி வந்தா, உள்ள நிக்கற நர்ஸைப் பாத்து உனக்குப் புருஷன் இருக்கானான்னா கேப்பீங்கன்னு கேட்டேன். நான் நிக்க வேண்டிய எடம் அது. என்னால வர முடியல. எனக்குப் பதிலா அந்தப் பொண்ணு நிக்கட்டும்னு சொன்னேன்."

அத்தை ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வழியில் இருந்த பூத்தட்டை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"நேரமாவுது. ஏறி நில்லும்மா."

ஏறி நின்றேன். இதை என் வெற்றி என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. வென்றவர் ராஜேஸ்வரி. அவர் தன் மகள் கல்யாணத்தில் தானே பேசி, தானே வாதாடி, தன் இடத்தைத் தானே முடிவு செய்தார். அதற்கு லைன் இருந்தது, லைன் சுத்தமாக இருந்தது. நம் தொழில் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறது என்பதை அப்புறம் பாருங்கள். அந்த முனையில் இருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள்.

கெட்டிமேளம் முழங்கியது. ரிசீவரைத் தாலிக்குப் பக்கத்தில் நீட்டினேன். மூன்றாவது முடிச்சும் விழுந்ததும் காதில் வைத்தேன். மஸ்கட்டிலிருந்து ஒரே கைதட்டல். வார்டு நர்ஸ்கள் எல்லோரும் அந்தப் போனைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அவர்களில் யாரோ ஒரு பெண் நம் ஊர்க் குலவை போட்டாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்ன என்று கேட்ட சண்முகத்தின் காதில் வைத்தேன். அவரும் கண்ணீரோடு சிரித்தார்.

பெற்றவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கச் சொன்னார்கள். சண்முகத்தின் பக்கத்தில் போனோடு நான் நின்றேன். விலகப் பார்த்தேன். "அசையாதீங்கக்கா, அம்மா உங்க கையிலதான் இருக்காங்க" என்றாள் கல்பனா. இருவரும் விழுந்து வணங்கினார்கள். ராஜேஸ்வரி ஏதோ சொன்னார். அந்த ரிசீவரில் குரலை வெளியே கேட்க வைக்கும் வசதி கிடையாது. நெற்றி தரையில் பட அவர்கள் காத்திருந்தார்கள். வேறு வழியில்லை, நானே உரக்கச் சொன்னேன்:

"அம்மா சொல்றாங்க. ரெண்டு பேரும் நல்லா இருங்க!"

"இன்னும் சத்தமா சொல்லும்மா" என்றார் ராஜேஸ்வரி.

"ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க!"

நாலா பக்கமிருந்தும் அட்சதை வந்து விழுந்தது. மணமக்கள் மேல், சண்முகம் மேல், ரிசீவர் மேல். அரிசி பட்டுத் தெறிக்கிற சத்தம் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்.

"அட்சதையா போடறாங்க?"

"ஆமாக்கா."

"உன் மேலயும் விழுதா வசந்தா?"

"விழுதுக்கா" என்றேன். ஏரியலை நிமிர்த்திப் பிடித்திருந்த கையை நான் தாழ்த்தவேயில்லை.